லினக்ஸ் சர்வரில் பாஸ்வேர்ட் ஹேஷைப் பலப்படுத்துவது: ஷேடோ ஃபைல் முதல் சம்பா வரை

தம்புச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்சியாக இருக்கட்டும், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையாக இருக்கட்டும், மாடிப்படிக்கு அடியில் ஒரு லினக்ஸ் சர்வர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். உபுண்டு 18.04 காலத்தில் போட்டது, பிறகு 20.04, பிறகு 22.04 என்று அப்கிரேட் ஆகி வந்திருக்கும். அப்கிரேட் ஆனதால் பாஸ்வேர்ட் பாதுகாப்பும் புதுசாகியிருக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஆகாது. பழைய பாஸ்வேர்டின் ஹேஷ், அதாவது பாஸ்வேர்டைத் திருப்ப முடியாதபடி உருமாற்றிச் சேமித்த வடிவம், பழைய முறையிலேயே கிடக்கும்.

ஹேஷ் முறையை மாற்றுவது பத்து நிமிட வேலை. அதே பாஸ்வேர்ட் அந்த மெஷினில் வேறெங்கெல்லாம் பலவீனமாகக் கிடக்கிறது என்று தேடி எடுப்பதுதான் நாள் பிடிக்கும். இங்கே இரண்டையும் பார்க்கப்போகிறோம். கமாண்டுகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஹேஷ் என்ன செய்கிறது என்பது. பாஸ்வேர்ட் அரிசி, ஹேஷ் அதை அரைத்த மாவு. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. ஆனால் ஒருவன் ஊரிலுள்ள எல்லா அரிசியையும் ஒவ்வொன்றாக அரைத்து, எந்த மாவு இதோடு பொருந்துகிறது என்று பார்க்கலாம். எல்லா யூசரின் ஹேஷும் இருக்கும் /ஈடிசி/ஷேடோ ஃபைலைத் திருடியவன் செய்வது அதைத்தான். சால்ட் என்பது ஒவ்வொரு யூசருக்கும் தனியாகச் சேர்க்கும் உப்பு. இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்தாலும் மாவு வேறாக இருக்கும்; அவன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அரைத்தாக வேண்டும். ஒரு தடவை அரைக்க எவ்வளவு நேரம், எவ்வளவு பெரிய பாத்திரம் தேவை என்பதுதான் முறைக்கு முறை உள்ள வித்தியாசம்.

<b>இப்போது என்ன இருக்கிறது</b>

ஷேடோ ஃபைலை அப்படியே திரையில் கொட்டாதீர்கள். அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் "இது சரியா பாருங்க" என்று அனுப்பினால் கதை முடிந்தது. ஹேஷைக் காட்டாமல் வகையை மட்டும் காட்ட இது போதும்:

சுடோ கட் -டி'$' -எஃப்1,2 /ஈடிசி/ஷேடோ

டாலர் குறியை வைத்து வரியை வெட்டி முதல் இரண்டு துண்டை மட்டும் தரும். திரையில் யூசர் பெயர், ஒரு முக்காற்புள்ளி, டாலர் குறி, அதன் பின் ஓர் எண்ணோ எழுத்தோ தெரியும். படிக்கும் விதம் இது:

$1 என்றால் எம்டி5. 1994-ல் ஃப்ரீபிஎஸ்டிக்காக பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதியது, 1000 சுற்று (அத்தனை தடவை திரும்பத் திரும்ப அரைக்கும்). அவரே 2012-ல் இனி இது பாதுகாப்பில்லை என்று அறிவித்துவிட்டார். இது கண்ணில் பட்டால் அந்த யூசரை இன்றைக்கே மாற்ற வேண்டும்.

$5 என்பது எஸ்ஹெச்ஏ-256, $6 என்பது எஸ்ஹெச்ஏ-512. இரண்டும் 2007-ல் உல்ரிச் ட்ரெப்பர் வகுத்தவை. சொல்லாமல் விட்டால் 5000 சுற்று. உடைந்துபோன முறையில்லை. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டில் ஆயிரக்கணக்கான முயற்சிகளை ஒரே நேரத்தில் ஓட்ட இது இடம்கொடுக்கிறது. அதுதான் இதன் குறை.

$2பி என்பது பிகிரிப்ட், ஓப்பன்பிஎஸ்டியிலிருந்து வந்தது.

$ஒய் என்றால் யெஸ்கிரிப்ட். டெபியன் 11, உபுண்டு 22.04, ஃபெடோரா 35 முதல் இதுதான் இயல்பாக வருகிறது. சுற்று எண்ணிக்கையோடு நினைவகத்தையும் கேட்கும் முறை இது. கிராஃபிக்ஸ் கார்டில் ஆயிரம் சின்ன மிக்ஸி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யெஸ்கிரிப்ட் ஒவ்வொரு தடவையும் கல்யாண வீட்டுக் கிரைண்டர் கேட்கிறது. அங்கேதான் திருடனுக்குச் செலவு ஏறுகிறது.

டாலர் குறியே இல்லாத வரிகளை இந்தக் கமாண்ட் முழுசாகக் காட்டும். அதில் நட்சத்திரக் குறியோ ஆச்சரியக்குறியோ இருந்தால் அந்தக் கணக்குக்கு பாஸ்வேர்ட் லாகின் கிடையாது, கவலையில்லை. பெயருக்குப் பின் இரண்டு முக்காற்புள்ளி ஒட்டி வந்தால் பாஸ்வேர்டே இல்லாத கணக்கு. 13 எழுத்து கொண்ட ஒரு சரம் இருந்தால் பழைய டிஇஎஸ் முறை. அது பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்தை மட்டுமே பார்க்கும், மீதியை எத்தனை நீளமாக வைத்தாலும் கண்டுகொள்ளாது.

உரிமைகளையும் இப்போதே பாருங்கள். எல்எஸ் -எல் போட்டால் டெபியன், உபுண்டுவில் ஷேடோ ஃபைல் 640, சொந்தக்காரர் ரூட், குழு ஷேடோ என்று இருக்க வேண்டும். ரெட் ஹேட் குடும்பத்தில் 000 என்று இருக்கும். அது பிழையில்லை, ரூட்டுக்கு உரிமை எண் தடையாகாது. ஏதோ ஒரு வெப் ஆப் ஓடவில்லை என்று யாரோ 644 ஆக்கிவிட்டுப் போயிருந்தால் அங்கேயே திருத்துங்கள். அதோடு கெட்என்ட் குரூப் ஷேடோ, கெட்என்ட் குரூப் டிஸ்க், கெட்என்ட் குரூப் டாக்கர் என மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் குழுவில் இருப்பவர் ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகப் படித்து ஷேடோவை எடுத்துவிடலாம். டாக்கர் குழுவில் இருப்பவரை ரூட் என்றே கணக்கில் எடுங்கள்.

<b>கை வைக்கும் முன்</b>

இரண்டு டெர்மினலில் லாகின் செய்து, ஒன்றில் ரூட்டாக உட்கார்ந்துவிடுங்கள். வேலை முடிந்து, மூன்றாவது டெர்மினலில் புதிதாக லாகின் ஆகிப் பார்க்கும் வரை அதை மூடக்கூடாது. லாகினைச் சரிபார்க்கும் அமைப்பான பேமின் ஃபைலில் ஒரு எழுத்து தப்பினால் சுடோவும் ஓடாது, வெளியிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் உள்ளே விடாது. அப்போது அந்தத் திறந்த டெர்மினல்தான் கயிறு. மாற்றப்போகும் ஃபைலுக்கு சிபி -பி போட்டு /ரூட் ஃபோல்டருக்குள் ஒரு நகல் வையுங்கள். /ஈடிசி/பேம்.டி உள்ளேயே நகல் வைக்காதீர்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு ஃபைல் பெயரும் ஒரு சர்வீஸின் பெயர்.

<b>முறையை மாற்றுவது</b>

டெபியன், உபுண்டுவில் திறக்க வேண்டியது /ஈடிசி/பேம்.டி/காமன்-பாஸ்வேர்ட். அதில் பேம்_யூனிக்ஸ்.எஸ்ஓ என்று வரும் வரியின் கடைசியில் எஸ்ஹெச்ஏ512 என்று இருந்தால் அதை யெஸ்கிரிப்ட் ஆக்குங்கள். ஏற்கெனவே யெஸ்கிரிப்ட் இருந்தால் முறையில் கை வைக்க வேண்டாம். அப்படியே /ஈடிசி/லாகின்.டெஃப்ஸ் ஃபைலிலும் என்கிரிப்ட்_மெத்தட் வரியை யெஸ்கிரிப்ட் ஆக்குங்கள். அந்த இடத்தில் இரண்டு சொல்லும் பெரிய எழுத்து. பாஸ்வேர்டை மாற்றும்போது பேம் வரி சொல்வதுதான் செல்லும். குழு பாஸ்வேர்ட் போன்ற சில கருவிகள் மட்டும் லாகின்.டெஃப்ஸைப் பார்க்கும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால் அடுத்து வருபவருக்குத்தான் குழப்பம்.

எழுத்துப்பிழை விட்டால் பேம் கத்தாது. தெரியாத சொல்லைத் தள்ளிவிட்டு வேறு முறையில் ஹேஷ் போட்டுவிடும், லாகின் பதிவுகள் சேரும் ஆத்.லாகில் மட்டும் ஒரு வரி எழுதும். ஆகவே திருத்தியதும் ஒரு சோதனை யூசரை உருவாக்கி பாஸ்வேர்ட் வைத்து, மேலே சொன்ன கட் கமாண்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள். $ஒய் தெரிந்தால்தான் மாறியிருக்கிறது.

ராக்கி, ஆல்மா, ரெட் ஹேட் 9-ல் சிஸ்டம்-ஆத், பாஸ்வேர்ட்-ஆத் ஃபைல்களை நேரடியாகத் திருத்தாதீர்கள். இந்த ஃபைல்களை எழுதும் கருவியான ஆத்செலக்ட் அடுத்த முறை ஓடும்போது உங்கள் திருத்தம் போய்விடும். ஆத்செலக்ட் கரன்ட் போட்டு இப்போதுள்ள ப்ரொஃபைலையும் அதன் அம்சங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆத்செலக்ட் கிரியேட்-ப்ரொஃபைல் கொண்டு அதிலிருந்தே உங்கள் சொந்த ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, /ஈடிசி/ஆத்செலக்ட்/கஸ்டம் உள்ளே இருக்கும் அதன் இரண்டு ஃபைலிலும் எஸ்ஹெச்ஏ512 என்ற சொல்லை மாற்றி, குறித்து வைத்த அம்சங்களோடு அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிப்ஸ் (அமெரிக்க அரசின் குறியாக்கத் தரம்) முறையில் ஓடும் மெஷினில் யெஸ்கிரிப்டுக்கு அனுமதி இல்லை. அங்கே எஸ்ஹெச்ஏ512-ஐயே வைத்துக்கொண்டு அதே வரியில் ரவுண்ட்ஸ்=100000 சேர்க்கலாம்; ஹேஷில் $6$ரவுண்ட்ஸ்=100000$ என்று தெரியும்.

சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடுகிறது என்றால் அதில் யெஸ்கிரிப்ட் கிடையாது. புது சர்வரின் ஷேடோ வரியைப் பழையதில் ஒட்டினால் பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் லாகின் ஆகாது. ஆல்பைன் கன்டெய்னர்களிலும் இதே சிக்கல். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவும் முடிந்துவிட்டது; ஹேஷைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்த மெஷினை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

<b>எவ்வளவு கனமாக வைக்கலாம்</b>

யெஸ்கிரிப்டின் கனத்தை அதே பேம்_யூனிக்ஸ் வரியில் ரவுண்ட்ஸ்= என்று கொடுக்கலாம். 3 முதல் 11 வரை செல்லும், கொடுக்காவிட்டால் 5. ஒவ்வொரு படி ஏறும்போதும் நினைவகம் இரட்டிப்பாகும்: 5-க்கு 16 எம்பி, 6-க்கு 32, 7-க்கு 64, 8-க்கு 128. 11-க்குப் போனால் ஒரு லாகினுக்கு 1 ஜிபி.

அந்த 11-ஐப் பார்த்து ஆசைப்பட்டு வைப்பவர்கள் உண்டு. எஸ்எஸ்ஹெச் இயல்பாகவே லாகின் ஆகாத பத்து இணைப்பு வரை தடையில்லாமல் ஏற்கும். வெளியிலிருந்து யாராவது பத்து இணைப்பைத் திறந்து தப்பான பாஸ்வேர்டாக அடித்துக்கொண்டே இருந்தால், உங்கள் சர்வரே பத்து ஜிபி நினைவகத்தைத் தேடி மூச்சுத் திணறும். திருடனுக்கு வைத்த கிரைண்டரில் நம் கை மாட்டிய கதை. 8 ஜிபி ராம் உள்ள அலுவலக சர்வருக்கு 7 நல்ல அளவு. 1 ஜிபி விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) என்றால் 5-லேயே விடுங்கள்.

ஊகத்தில் வைக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஹூயிஸ் என்ற பேக்கேஜில் எம்கேபாஸ்வேர்ட் வரும். அதில் ஓ, ஆர் எழுத்துகள் கிடையாது, பி-ஏ-எஸ்-எஸ்-டபிள்யூ-டி மட்டும். பின்னால் வரும் எஸ்எம்பிபாஸ்வேர்ட், எச்டிபாஸ்வேர்டிலும் அப்படித்தான். டைம் எம்கேபாஸ்வேர்ட் -எம் யெஸ்கிரிப்ட் -ஆர் 7 என்று போட்டு ஏதாவது ஒரு பொய்ச் சொல்லைக் கொடுங்கள். ஆர் மட்டும் பெரிய எழுத்து. எத்தனை நொடி என்று சொல்லும். அரை நொடிக்குள் இருந்தால் உபயோகிப்பவருக்குத் தெரியவே தெரியாது. உண்மையான பாஸ்வேர்டை கமாண்ட் வரியில் அடிக்காதீர்கள், ஹிஸ்டரி ஃபைலில் பதிந்துவிடும்.

சரியாக விழுந்ததா என்று ஹேஷின் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளலாம். $ஒய்$ முடிந்ததும் ஜே9டி என்றால் கனம் 5, ஜேஏடி என்றால் 6, ஜேபிடி என்றால் 7, ஜேசிடி என்றால் 8. ஜே மட்டும் சிறிய எழுத்து.

<b>பழைய ஹேஷை வெளியேற்றுவது</b>

மாவிலிருந்து அரிசி வராது என்பதால் பழைய $6-ஐ $ஒய் ஆக்க எந்தக் கருவியாலும் முடியாது. யூசர் புது பாஸ்வேர்ட் வைக்கும்போதுதான் புது ஹேஷ் பிறக்கும். அடுத்த லாகினில் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்த சேஜ் கமாண்ட் இருக்கிறது. சி-எச்-ஏ-ஜி-இ என்று அடிக்க வேண்டும். சுடோ சேஜ் -டி 0, பிறகு யூசர் பெயர்.

இதை எல்லோருக்கும் ஒரே லூப்பில் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை வேறு விதமாக விடியும். காரணம், காலாவதியான பாஸ்வேர்ட் உள்ள கணக்கில், குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலைகள் ஓடாது. க்ரானும் பேமைக் கேட்டுத்தான் ஓடுகிறது, பேம் மறுத்துவிடும். ராத்திரி 2 மணி பேக்கப் நின்றுபோனது, பேக்கப் தேவைப்படும் அன்றுதான் தெரியவரும். எஸ்எஸ்ஹெச் சாவி வைத்து ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கருவி) ஓட்டும் கணக்குக்கும் அதே கதி. சாவி சரியாக இருந்தாலும் பாஸ்வேர்டை மாற்று என்று கேட்கும், மாற்ற அங்கே ஆள் இல்லை. மணலி, திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டிலிருந்து தினமும் ஃபைல் இறக்கும் எஸ்எஃப்டிபி கணக்குகள் பூட்டிக்கொள்வதும் இப்படித்தான். அவர்களுக்கு மாற்றும் திரையே வராது.

அதனால் கணக்குகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து வேலை பார்க்கும் மனிதர்களுக்கு மட்டும் சேஜ். தானாக ஓடும் கணக்குகளுக்குப் பாஸ்வேர்டே வேண்டாம். சாவி மட்டும் போதும்.

அப்படிப் பாஸ்வேர்டை எடுக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. யூசர்மாட் -எல் போட்டுப் பூட்டினால் (எல் பெரிய எழுத்து) ஷேடோவில் ஹேஷுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி மட்டும்தான் சேரும். பழைய ஹேஷ் அப்படியே அங்கேயே இருக்கும். வேலையை விட்டுப் போனவர் கணக்கைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம்; ஷேடோ வெளியே போனால் அந்த $1 ஹேஷைத்தான் முதலில் உடைப்பார்கள். அவர் அதே பாஸ்வேர்டை மெயிலுக்கும் வைத்திருந்தால் பாவம் அவர். ஹேஷையே அழிக்க: சுடோ யூசர்மாட் -பி '*' யூசர்பெயர். நட்சத்திரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க மறக்காதீர்கள்.

இன்னும் மூன்று இடத்தில் பழைய மாவு சிந்திக் கிடக்கும். ஒன்று, /ஈடிசி/ஷேடோ- என்று கடைசியில் சிறுகோடு போட்ட ஃபைல். முந்தைய நிலையின் நகல் அது. எல்லாரும் மாற்றி முடித்ததும் சிபி -பி கொண்டு புது ஷேடோவை அதன் மேல் எழுதுங்கள். இரண்டு, /ஈடிசி/செக்யூரிட்டி/ஓபாஸ்டபிள்யூடி. பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைக்கக் கூடாது என்று பேம்_பிடபிள்யூஹிஸ்டரி போட்டிருந்தால், ஒவ்வொருவரின் பழைய ஹேஷ்களும் வரிசையாக இதில் இருக்கும். உரிமை 600 இருக்கிறதா பாருங்கள்; முறை மாறிய பிறகு ஒருமுறை காலி செய்வது நல்லது. வரலாறு புதிதாகத் தொடங்கும், நஷ்டம் ஒன்றுமில்லை. மூன்று, நாஸில் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) கிடக்கும் ஈடிசி பேக்கப் டார் ஃபைல்கள், /வார்/பேக்கப்ஸ் உள்ளே இருக்கக்கூடிய ஷேடோ.பேக், விஎம் ஸ்னாப்ஷாட்டுகள். பெயரில் ஷேடோ என்று வரும் எல்லாவற்றையும் ஃபைண்ட் கொண்டு ஒருமுறை தேடிப்பாருங்கள், ஹோம் ஃபோல்டர்கள் உட்பட. நாம் வேலைக்கு முன்னால் /ரூட்டில் எடுத்து வைத்த நகலையும் சேர்த்துத்தான்.

<b>சம்பா: பின்வாசல் திறந்துதான் இருக்கிறது</b>

அலுவலக சர்வர் என்றாலே ஷேர் ஃபோல்டர்தான். விண்டோஸ் மெஷின்கள் எஸ் டிரைவ் என்று மாட்டிக்கொள்வது சம்பா வழியாக. சம்பா ஷேடோ ஃபைலைப் பார்ப்பதே இல்லை. அதற்கென்று தனி டேட்டாபேஸ் இருக்கிறது: /வார்/லிப்/சம்பா/பிரைவேட் உள்ளே பாஸ்டிபி.டிடிபி. அதில் இருப்பது என்டி ஹேஷ். பாஸ்வேர்டை எம்டி4 கொண்டு ஒரே ஒரு தடவை அரைத்தது, உப்பு கிடையாது. இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் இரண்டு ஹேஷும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். நாம் வைத்த 64 எம்பி கிரைண்டருக்குப் பக்கத்தில் இது சும்மா கையால் நசுக்கிய கதை.

இன்னும் மோசம், உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. விண்டோஸ் லாகினைச் சரிபார்க்கும் என்டிஎல்எம் முறையில் அந்த ஹேஷே சாவி. அதை எடுத்தவன் பாஸ்வேர்ட் தெரியாமலே ஷேரில் நுழையலாம். லினக்ஸ் லாகினுக்கும் சம்பாவுக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால் யெஸ்கிரிப்ட் வைத்ததற்கு அர்த்தமே இல்லை. சம்பாவின் அமைப்பு ஃபைலான எஸ்எம்பி.கான்ஃபில் யூனிக்ஸ் பாஸ்வேர்ட் சிங்க் = யெஸ் என்று இருந்தால் இரண்டையும் ஒன்றாக வைக்கும் வேலையை சர்வரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நல்லவேளையாக வழி சுலபம். ஷேர் மட்டும் வேண்டியவருக்கு லினக்ஸ் பாஸ்வேர்ட் தேவையே இல்லை. சம்பாவுக்கு அந்தப் பெயரில் ஒரு லினக்ஸ் கணக்கு இருந்தால் போதும். அக்கவுன்ட்ஸ், டாக்குமென்டேஷன் ஆட்கள் எல்லோருக்கும் யூசர்மாட் -பி '*' போட்டு, ஷெல்லை நோலாகின் ஆக்குங்கள். எஸ்எம்பிபாஸ்வேர்ட் கொண்டு வைத்த ஷேர் பாஸ்வேர்ட் வழக்கம்போல வேலை செய்யும். சுடோ உரிமை உள்ள ஒன்றிரண்டு பேர் மட்டும் இரண்டுக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட் வைக்க வேண்டும். அவர்களுக்கு ஷேரே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. பிரைவேட் ஃபோல்டர் ரூட்டுக்கு மட்டும், பேக்கப்பில் அது போனால் அந்த பேக்கப் என்கிரிப்ட் ஆகியிருக்க வேண்டும்.

எஸ்எம்பி.கான்ஃபைத் திறந்த கையோடு என்டிஎல்எம் ஆத் = யெஸ், சர்வர் மின் ப்ரோட்டோகால் = என்டி1 என்ற வரிகள் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் பழைய ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேன் ஃபோல்டருக்கு வரவில்லை என்று சர்வீஸ் ஆள் ஒருவர் போட்டுவிட்டுப் போனதாக இருக்கும். ஒரு ஸ்கேனருக்காக மொத்த அலுவலகமும் பழைய நெறிமுறைக்குத் திரும்பியிருக்கும். 2019-ல் வந்த சம்பா 4.11 முதல் எஸ்எம்பி1 (அந்த வரியில் என்டி1 என்பது இதுதான்) இயல்பாகவே அணைந்திருக்கிறது. அந்த வரிகளை எடுத்துவிட்டு ஸ்கேனை மெயிலுக்கோ எஃப்டிபிக்கோ திருப்புங்கள்.

சின்னச் சின்ன ஓட்டைகள் சில. வெப் சர்வரான அப்பாச்சியின் எச்டிபாஸ்வேர்ட் சும்மா ஓட்டினால் எம்டி5 வகை ஹேஷ் போடும். -பி (ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்து) பெரிய எழுத்தில் கொடுத்தால் பிகிரிப்ட். அதன் கனம் இயல்பாக 5, மிகக் குறைவு. -சி 12 என்று பெரிய எழுத்து சியோடு ஏற்றிக்கொள்ளுங்கள். பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. தமிழ் எழுத்தில் பாஸ்வேர்ட் வைக்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு கணக்கு: யூனிகோடில் 'க' 3 பைட், 'கொ' 6 பைட். தவிர, கரன்ட் போய் வந்து கன்சோலில் உட்காரும்போது அங்கே தமிழ்க் கீபோர்டும் இருக்காது.

விண்டோஸ் ஷேரை மாட்டும் /ஈடிசி/எஃப்ஸ்டாப் வரியில் பாஸ்வேர்ட் அப்பட்டமாக இருந்தால் அந்த ஃபைலை எல்லோரும் படிக்க முடியும். கிரெடென்ஷியல்ஸ்= என்று தனி ஃபைலுக்கு மாற்றி 600 வையுங்கள். மைஎஸ்க்யூஎல் கமாண்டில் -பி ஒட்டி பாஸ்வேர்ட் அடித்த ஸ்கிரிப்ட்கள், பாஷ் ஹிஸ்டரி ஃபைல்கள் இரண்டையும் கிரெப் போட்டுத் தேடுங்கள்.

<b>என்ன பாஸ்வேர்ட் வைக்கிறார்கள்</b>

எந்தக் கிரைண்டராலும் காப்பாற்ற முடியாத அரிசி ஒன்று உண்டு: கடைப்பெயர், அட் குறி, 123. ராயபுரத்தில் இருந்தால் ராயபுரம்@600013. டிஎன்03 என்று தொடங்கும் வண்டி நம்பர். முதலாளி மகள் பெயரும் பிறந்த வருஷமும். உடைப்பவன் பட்டியலில் இவை முதல் பக்கத்திலேயே இருக்கும்.

லிப்பேம்-பிடபிள்யூகுவாலிட்டி என்ற பேக்கேஜைப் போட்டு /ஈடிசி/செக்யூரிட்டி/பிடபிள்யூகுவாலிட்டி.கான்ஃபில் மின்லென் = 14 வையுங்கள். அதே ஃபைலில் பேட்வேர்ட்ஸ் என்று ஒரு வரி உண்டு. கம்பெனிப் பெயர், ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் என்று அக்கம்பக்கத்துப் பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி விட்டு அடுக்கிவிடுங்கள். அந்தச் சொல் உள்ளே இருக்கும் பாஸ்வேர்டை ஏற்காது. என்ஃபோர்ஸ்_ஃபார்_ரூட் வரியையும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரூட்டாக மற்றவருக்குப் பாஸ்வேர்ட் வைக்கும்போது எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு உள்ளே விட்டுவிடும்.

90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வேண்டாம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் கடைசியில் உள்ள 1 அடுத்த முறை 2 ஆகும், அவ்வளவுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலு சொல்லைச் சேர்த்து நீளமாக வைக்கச் சொல்லுங்கள்.

<b>மெஷினே கைக்குக் கிடைத்தால்</b>

மாடிப்படிக்கு அடியில் உள்ள சர்வரை ரீஸ்டார்ட் செய்து, லினக்ஸைத் துவக்கும் கிரப் மெனுவில் ஒரு சொல் சேர்த்தால் ரூட் ஷெல் வந்துவிடும். கிரப்புக்குப் பாஸ்வேர்ட் போடுவது வழக்கமான யோசனை. ஆனால் டெபியன், உபுண்டுவில் சூப்பர்யூசர்ஸ் வரியை மட்டும் சேர்த்துவிட்டு அப்டேட்-கிரப் போட்டால், சாதாரணமாகத் துவங்குவதற்கும் பாஸ்வேர்ட் கேட்கும். ராத்திரி கரன்ட் போய், யுபிஎஸ் தீர்ந்து, காலையில் வந்தால் சர்வர் அந்தக் கேள்வியிலேயே நிற்கும். /ஈடிசி/கிரப்.டி/10_லினக்ஸ் ஃபைலில் கிளாஸ் வரியில் --அன்ரெஸ்ட்ரிக்டட் சேர்த்தால், துவங்க எதுவும் கேட்காது, மெனுவைத் திருத்த மட்டும் கேட்கும். ரெட் ஹேட் குடும்பத்தில் கிரப்2-செட்பாஸ்வேர்ட் இதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப் போனால் கிரப் பாஸ்வேர்ட் எதையும் தடுக்காது. அதற்கு லக்ஸ் என்கிரிப்ஷன் வேண்டும். முழு டிஸ்க்கையும் பூட்டினால் அதே கரன்ட் பிரச்சினை என்பதால், டிராப்பியர்-இனிட்ராம்எஃப்எஸ் பேக்கேஜ் போட்டு வீட்டிலிருந்தே எஸ்எஸ்ஹெச் வழியாகத் திறக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பேக்கப் டிஸ்க்குக்கு லக்ஸ் போடாமல் இருக்க எந்தச் சாக்கும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காயலாங்கடைக்குப் போடும் முன் ஷ்ரெட் -என் 1 ஒரு சுற்று ஓட்டுங்கள். எஸ்எஸ்டி என்றால் ஷ்ரெட் போதாது, அதன் செக்யூர் எரேஸ் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். ஓடாத டிஸ்க் என்றால் டிரில் மெஷின்.

<b>உடைத்துப் பார்ப்பது</b>

வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க பாஸ்வேர்ட் உடைக்கும் கருவியான ஜான் தி ரிப்பரை நாமே ஓட்டலாம். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான். அனுமதியில்லாமல் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, 66-க்குள் வரும். நெட் இணைப்பில்லாத மெஷினில் அன்ஷேடோ கொண்டு /ஈடிசி/பாஸ்டபிள்யூடி, /ஈடிசி/ஷேடோ இரண்டு ஃபைலையும் சேர்த்து, --ஃபார்மட்=கிரிப்ட் கொடுத்து, மேலே சொன்ன உள்ளூர்ப் பெயர்களை வைத்து ஒரு சிறு சொற்பட்டியலை ஓட்டுங்கள். மெதுவாகத்தான் போகும், போக வேண்டும். ஒரு ராத்திரியில் விழுந்த பாஸ்வேர்ட் எல்லாம் மாற்ற வேண்டியவை. முடிந்ததும் ஜான்.பாட் என்ற ஃபைலை அழியுங்கள். விழுந்த பாஸ்வேர்டுகளை அது அப்பட்டமாக எழுதி வைத்திருக்கும். ஷேடோவை இவ்வளவு பாடுபட்டு மூடிவிட்டு இதைத் திறந்து வைத்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஷேடோ வெளியே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்ட் லாகினை நிறுத்துங்கள், அப்புறம் சுடோ உள்ளவர்களின் பாஸ்வேர்ட், அப்புறம் சம்பா, அப்புறம் மற்றவர்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும், லாக்குகள் 180 நாள் இருக்க வேண்டும். உபுண்டுவில் ஆத்.லாக் வாரம் ஒருமுறை சுழன்று நாலு மட்டுமே தங்கும்; ஒரு மாதத்துக்கு முன் யார் வந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. /ஈடிசி/லாக்ரொட்டேட்.டி/ஆர்சிஸ்லாக் ஃபைலில் ரொட்டேட் 4 என்பதை 26 ஆக்குங்கள், 182 நாள் வரும்.